ஐந்து டம்ளரும் ஒரு நாக்கும்

காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அந்தக் காலத்தில் நாக்கு என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எங்கள் ஆபீஸ் டெஸ்பாட்ச் கிளார்க்கின் வாயில் இருந்தது. மற்ற எல்லாருக்கும் தபால்தலை ஒட்டுவதற்காக ஆண்டவன் ஒரு துண்டுச் சதையைக் கொடுத்திருந்தான், அவ்வளவுதான். இதை நான் சொல்லவில்லை. அவரே சொல்வார், ஒரு நாளைக்கு நான்கு தடவை, அதாவது காபிக்கு ஒரு தடவை வீதம்.

இத்தனைக்கும் ஆபீஸில் தபால்தலை ஒட்டும் வேலையே அவருடையதுதான். ஆனால் ஒரு தலையைக்கூட அவர் நாக்கில் தொட்டதில்லை. பசை பட்டால் ருசி மழுங்கிவிடுமாம். மேஜைமேல் கிண்ணத்தில் ஈரப் பஞ்சு வைத்திருப்பார். ஒரு நாள் பஞ்சு காய்ந்துபோய், குழாயிலும் தண்ணீர் வராமல் போனபோது என் மேஜைக்கு வந்து நின்றார்.

“தம்பி, நாக்கை நீட்டு.”

“எதுக்கு சார்?”

“உன் நாக்குதானேப்பா, என்ன கெட்டுப்போகப் போவுது?”

அன்றைக்கு இருபத்தேழு கவர்கள் என் நாக்கால் ஊர் போய்ச் சேர்ந்தன. நான் அப்போது பாலக்கரையிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த புதுக் குமாஸ்தா. காபி சூடாக இருந்தால் போதும், அதற்குமேல் எனக்கு ஒரு அபிப்பிராயமும் கிடையாது. அதனாலேயே அவர் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை யாரும் கூப்பிட்டதில்லை. ஆபீஸ் முழுக்க, அங்கிருந்து ஜங்ஷன் வரைக்கும், ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலை முழுக்க அவர் ‘ஃபர்ஸ்ட் டிகாக்ஷன்’தான். ஃபில்டரில் பொடி போட்டு வெந்நீர் ஊற்றி முதலில் இறங்குவது எதுவோ அதுதான் காபி. அதே பொடியில் மறுபடியும் வெந்நீர் விட்டு இறக்குவது பாத்திரம் கழுவின ஜலம். இது அவருடைய சித்தாந்தம்.

இந்தச் சித்தாந்தத்தைக் காபியோடு விட்டிருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. மனிதர்களையும் அதே ஃபில்டரில் போட்டு இறக்குவார். “புதுசா வந்திருக்கிற ஆபீசர் எப்படி சார்?” என்று கேட்டால் ஒரு விநாடி கண்ணை மூடிக்கொண்டு, “ரெண்டாம் டிகாக்ஷன்” என்பார். எங்கள் ஹெட்கிளார்க்குக்கு மூன்றாம் டிகாக்ஷன் கொடுத்திருந்தார். “மூணாவது ஒண்ணு இருக்கா சார்?” என்றேன். “இருக்கு. மாட்டுக்கு ஊத்துவாங்க” என்றார். நான் எந்த ரகம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உறையூரில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா எங்கள் ஆபீஸ்காரர். ஃபர்ஸ்ட் டிகாக்ஷன் பந்தலுக்குள் நுழைந்ததும் மணமேடைப் பக்கம் திரும்பவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போய்ச் சமையல்காரரைப் பிடித்தார். “முதல் டிகாக்ஷன் யாருக்குப் போவுது?” சமையல்காரர், “மாப்பிள்ளை வீட்டுக்குங்க. ரெண்டாவதுதான் பொண்ணு வீட்டுக்கு. எல்லாக் கல்யாணத்துலயும் அப்படித்தானே?” என்றார். அவ்வளவுதான். அன்று முழுவதும் அவர் மாப்பிள்ளை வீட்டு ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு விசிறிக்கூட விட்டார். பெண்ணின் அப்பா வந்து, “நீங்க நம்ம பக்கம் சார்!” என்று கையைப் பிடித்து இழுத்ததற்கு, “சாப்பாட்டுக்கு வந்துடறேன்” என்றார்.

இன்னொரு சமயம் மஞ்சள் காமாலை வந்து, டாக்டர் ஒரு மாதம் காபியே கூடாது என்று சொல்லிவிட்டார். “வாசனை பார்க்கலாமா?” என்று எதிர்க்கேள்வி போட்டாராம். டாக்டர் படித்த புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. அந்த ஒரு மாதமும் அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, எதிர்வீட்டுக் காபி மணம் வரும் திசையில் மூக்கைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டார் முதலில் தங்கள் பெண்ணைப் பார்க்கிறார் என்று தப்பாக நினைத்துச் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

அப்போது நலம் விசாரிக்க நான் ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி ரொம்ப நல்ல மாதிரி. வாயில் பொய் வராது, முகத்தில் சுளிப்பு வராது. ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்ததும் எனக்கே, தபால்தலை நாக்குக்காரனான எனக்கே, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பால் ஒரு பக்கம், டிகாக்ஷன் ஒரு பக்கம், அடியில் கரையாத சர்க்கரை, மேலே மிதக்கிற பொடி. இந்தக் காபியைத்தான் இந்த மனிதர் இருபது வருஷமாகக் காலையில் குடித்துவிட்டு ஆபீஸுக்கு வந்து உலகத்தைத் திட்டுகிறார்! அந்த அம்மா உள்ளே போனதும் மெதுவாகக் கேட்டேன்.

“சார், வீட்டுல நீங்க ஒண்ணுமே சொல்றதில்லையா?”

அவர் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: “வீட்டுல புகார் புஸ்தகம் கிடையாது தம்பி.”

வெளியே புகார் புத்தகங்கள் இருந்தன. அதுதான் ஆபத்தாகப் போயிற்று.

அறுபதுகளின் தொடக்கம் என்று ஞாபகம். மே மாதம் வந்தால் திருச்சி கொதிக்கும். வசதி உள்ளவர்கள் கொடைக்கானலுக்குப் போனார்கள். மற்றவர்கள் முக்கொம்புக்குப் போய், அங்கேயும் அதே வெயில்தான் அடிக்கிறது என்று நேரில் பார்த்துவிட்டு வந்தார்கள். பாலக்கரை மண்டி முதலாளி ஒருவர் இந்த ஜனங்களை நம்பி முக்கொம்பில் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு விடுமுறை விடுதி கட்டியிருந்தார். பத்து அறை, முன்னால் தோட்டம், ஒரு ஊஞ்சல், பின்னால் சாப்பாட்டுக் கூடம். எங்கள் ஆபீஸ் மனமகிழ் மன்றத்தார் மூன்று நாளைக்கு நான்கு அறைகளை எடுத்தார்கள். ஹெட்கிளார்க் தலைமையில் பன்னிரண்டு பேர் பஸ் ஏறினோம்.

சாப்பாட்டுக் கூடத்தில் நுழைந்ததும் கண்ணில் பட்டது ஒரு பெரிய போர்டு. பச்சை நிறத்தில் எழுதியிருந்தது: ‘இங்கே ஐந்து விதக் காபி கிடைக்கும். ஸ்ட்ராங், மீடியம், லைட், ஸ்பெஷல், டிகிரி.’ அதன் கீழே ரயில்வே ஸ்டேஷன்களில் தொங்குவது போலச் சணல் கயிற்றில் ஒரு புகார் புத்தகம், கூடவே ஒரு பென்சில். முதலாளி எந்த ஊர் ஸ்டேஷனிலோ பார்த்து ஆசைப்பட்டு மாட்டியிருக்க வேண்டும். புரட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் ஒரு குழந்தை ரயில் வரைந்திருந்தது. இரண்டாம் பக்கத்தில் யாரோ சலவைக் கணக்கு எழுதியிருந்தார்கள். புகார் என்று ஒன்றும் இல்லை.

அங்கே வந்திருந்த கூட்டத்தைப் பார்க்க வேண்டும். விடுமுறைக்கு வந்தால் மனிதனுக்கு உடம்பு ஓய்ந்து நாக்கு முழித்துக்கொள்கிறது. வீட்டில் கொடுத்ததைக் குடிக்கிறவன் எல்லாம் விடுதியில் ஜமீன்தார் ஆகிவிடுகிறான். எங்கள் ஹெட்கிளார்க் ஸ்ரீரங்கத்து உத்தர வீதிக்காரர். பன்னிரண்டு திருமண் இட்டுக்கொண்டு கூடத்துக்கு வருவார். “அடியேனுக்கு லைட்டா ஒண்ணு சாதிக்கச் சொல்லுங்கோ. கடுமை கூடாது. சத்வமா இருக்கணும்” என்பார். பக்கத்து மேஜையில் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் ஒரு கிறிஸ்தவப் பேராசிரியர். அவருக்கு ஸ்ட்ராங்தான் வேண்டும். “லைட் குடிச்சா எனக்குப் பாடம் மறந்துடும்ப்பா” என்பார். தொட்டியத்திலிருந்து வந்த வாழைத்தோட்டக்காரர் ஒருவருக்கு ஸ்பெஷல். “ஊருக்குப் போயி சொல்லிக்கணும்ல?” என்று காரணமும் சொல்வார். டிகிரி என்றால் என்ன என்று நான் சர்வரைக் கேட்டேன். “அது டிகிரிங்க” என்றார்.

அந்தச் சர்வரின் குரல் இருக்கிறதே, அதை வைத்து ஒரு திருவிழாவை நடத்தலாம். மேஜையில் ஆர்டர் எடுத்து அங்கிருந்தே சமையலறைக்குக் கொடுப்பார்: “ஸ்ட்ராங் ஒண்ணேய்! லைட் ரெண்டேய்! டிகிரி ஒண்ணு, ஐயாவுக்கேய்!” உள்ளேயிருந்து காபி மாஸ்டரின் குரல், “ஆச்சு!” என்று வரும். காபி வரும். குடித்தவர்கள் தலையை ஆட்டுவார்கள். பேராசிரியர், “இதுல்ல ஸ்ட்ராங்!” என்பார். ஹெட்கிளார்க், “அமிர்தம்! லைட்டுன்னா இப்படி இருக்கணும்” என்பார்.

ஃபர்ஸ்ட் டிகாக்ஷன் ஒரு வாய் குடித்தார். நெற்றி சுருங்கியது. என் டம்ளரை வாங்கி ஒரு வாய். பிறகு ஹெட்கிளார்க் ஏதோ சுலோகம் சொல்லக் கண்ணை மூடிய சமயத்தில் அவருடைய டம்ளரிலிருந்தும் கொஞ்சம் தன் டவராவில் ஊற்றிக்கொண்டார். அதையும் சப்புக்கொட்டிப் பார்த்தார்.

“தம்பி, என்னோட வா.”

சமையலறை ஜன்னலுக்கு வெளியே போய் இரண்டு பேரும் நின்றோம். உள்ளே ஒரே ஒரு பெரிய பித்தளை ஃபில்டர். ஒரே ஒரு பால் குண்டான். மாஸ்டர் பாலையும் டிகாக்ஷனையும் சர்க்கரையையும் ஒரு பெரிய போணியில் ஒன்றாகக் கலந்து வைத்திருந்தார். வெளியே, “ஸ்ட்ராங் ஒண்ணேய்!” என்று சத்தம் கேட்டது. “ஆச்சு!” போணியிலிருந்து ஒரு டம்ளர். “லைட் ஒண்ணேய்!” “ஆச்சு!” அதே போணியிலிருந்து இன்னொரு டம்ளர். ஸ்பெஷலும் அதிலிருந்துதான். டிகிரியும் அதிலிருந்துதான்.

வித்தியாசம் முழுவதும் சர்வரின் கையில் இருந்தது. ஸ்ட்ராங்கை மேஜையில் ‘டொக்’கென்று வைப்பார். லைட்டை மெதுவாக, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல வைப்பார். ஸ்பெஷலுக்கு அடியில் ஒரு தட்டு உண்டு. டிகிரியை வைத்துவிட்டு மட்டும் உடனே போகமாட்டார். ஒரு விநாடி நின்று குடிப்பவரின் முகத்தைப் பார்ப்பார். குடிப்பவர் அதற்காகவே, “ஆஹா” என்பார்.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஃபர்ஸ்ட் டிகாக்ஷனுக்குச் சிரிப்பு வரவில்லை. கோயில் உண்டியலில் யாரோ கைவைப்பதைப் பார்த்தவர் மாதிரி முகம் சிவந்து நின்றார். நேராகக் கூடத்துக்குப் போனார், பென்சிலை எடுத்தார், முனையைப் பார்த்தார், உட்கார்ந்தார்.

டெஸ்பாட்ச் கிளார்க் எழுதும் புகார் எப்படி இருக்கும்? ‘பெறுநர்: விடுதி நிர்வாகத்தார் அவர்கள். பொருள்: ஒரே காபியை ஐந்து பெயர்களில் வழங்குதல், தொடர்பாக. ஐயா, கீழே கையெழுத்திட்டுள்ளவன் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில்…’ என்று ஆரம்பித்து ஒரு பக்கம் நிறைய எழுதினார். கடைசியில், ‘கோரிக்கை: உடனடியாக இரண்டாவது ஃபில்டர் ஒன்று’ என்று முடித்து அடிக்கோடு போட்டார். இது சனிக்கிழமை காலை. மத்தியானம் போய், ‘மேற்படி 1-ஆம் புகாருக்கு இதுநாள்வரை பதில் இல்லை’ என்று நினைவூட்டுக் கடிதம் எழுதினார். சாயங்காலம் இரண்டாவது நினைவூட்டு.

“இதை யார் சார் படிக்கப்போறா?” என்றேன்.

“மூணாவது ரிமைண்டர் போனா மேலிடம் அசையும் தம்பி. எக்ஸ்பிளனேஷன் கேப்பாங்க. பதில் எழுதுவாங்க. ஃபில்டர் வரும்.”

ஆபீஸில் அப்படித்தான் நடக்கும். ஒரு புகார் போனால் அது நாலு மேஜை சுற்றி, ஐந்தாவது மேஜையில் படுத்துத் தூங்கி, யாருக்கும் ஒரு சேதமும் இல்லாமல் முடியும். இருபத்தைந்து வருஷ சர்வீஸில் அவர் பார்த்தது அதுதான். இந்த உலகத்தில் ஒரு புகாரை ஒருவன் படித்தவுடனே காரியம் செய்துவிடுவான் என்று அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை முதலாளி காரில் வந்து இறங்கினார். சலவைச் சட்டை, விரலில் மோதிரம். கூடத்தைச் சுற்றி வந்தவர், புகார் புத்தகத்தில் எழுத்து இருப்பதைப் பார்த்து அசந்துபோனார். தான் மாட்டியது காய்த்துவிட்டது என்று சந்தோஷமாகத்தான் கையில் எடுத்தார். படிக்கப் படிக்க முகம் மாறியது.

“யோவ் மாஸ்டர்! வெளியில வாய்யா!”

மாஸ்டர் தோளில் துண்டோடு வந்து நின்றார். ஒல்லியான ஆசாமி.

“போர்டுல அஞ்சுன்னு நான் எழுதி வச்சிருக்கேன். நீ ஒண்ணையே அஞ்சா ஊத்துறியா? என் மானத்தை வாங்குறியா? பெட்டியைக் கட்டு. இன்னிக்கே இடத்தைக் காலி பண்ணு.”

ஃபர்ஸ்ட் டிகாக்ஷன் பதறி எழுந்தார். “ஐயா, ஐயா, முதல்ல எக்ஸ்பிளனேஷன் கேக்கணுமே?”

“எக்ஸ்பிளனேஷனா? இது என்ன கவர்மெண்ட்டா?”

“நான் ஃபில்டர்தானே கேட்டேன்…”

“ஃபில்டர் ஒண்ணே போதும். ஆளை மாத்திடறேன்” என்றார் முதலாளி.

இதற்குள் கூடத்தில் வேறொரு கலகம் கிளம்பிவிட்டது. எல்லாம் ஒரே காபி என்றால், இரண்டு நாளாக, “இதுல்ல ஸ்ட்ராங்” என்று தலையாட்டியவர்கள் கதி என்ன? பேராசிரியர், “ஸ்ட்ராங் எது, லைட் எதுன்னு தெரியாத ஆளா நானு?” என்று எழுந்தார். ஹெட்கிளார்க், “அடியேன் சாப்பிட்டது லைட்தான். பெருமாள் சாட்சி” என்றார். தொட்டியத்துக்காரர், “நான் ஸ்பெஷல்னு ஊருக்குக் கடுதாசியே போட்டுட்டேங்க” என்றார் பரிதாபமாக. மாஸ்டருக்காக ஒருவரும் பேசவில்லை. அவரவர் நாக்குக்காகப் பேசினார்கள்.

முதலாளி யோசித்தார். வாடிக்கைக்காரர்களையும் பகைத்துக்கொள்ள முடியாது. “இந்த சாரு நாக்கு அவ்வளவு துல்லியமா?” என்று ஹெட்கிளார்க்கைக் கேட்டார்.

“அதுல சந்தேகமே கிடையாது. மத்த விஷயத்துல எப்படியோ, நாக்கு மட்டும் தராசு.”

“சரி. பத்து மணிக்கு அஞ்சு டம்ளர் வைக்கச் சொல்றேன். இவரு எல்லார் முன்னாலயும் குடிச்சுச் சொல்லட்டும். அஞ்சும் ஒண்ணுன்னா மாஸ்டர் இன்னிக்கே வெளியில. வேற வேறன்னா இருக்கட்டும்.”

பத்து மணிக்கு இன்னும் அரை மணி இருந்தது. ஃபர்ஸ்ட் டிகாக்ஷன் பின்பக்கம் நடந்தார். நானும் போனேன். சமையலறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. மாஸ்டர் குடும்பத்தோடு அங்கேதான் இருந்தார் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. வேலை போனால் கூரையும் போகும். அவர் மனைவி கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஈரப் புடவையை உருவி மடித்துக்கொண்டிருந்தாள். பாய் ஏற்கெனவே சுருட்டிக் கட்டியாகிவிட்டது. இட்லிக்கு ஊறப்போட்ட உளுந்து ஒரு குண்டானில் இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் அதை மட்டும் தொடாமல் வைத்திருந்தாள்.

மாஸ்டர் எங்களைப் பார்த்து எழுந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“ஒரு ஃபில்டரு, ஒரு குண்டான் பாலு. அதுல வேளைக்கு அறுவது டம்ளரு கொடுக்கணும். முதலாளி போர்டுல அஞ்சுன்னு எழுதிட்டாரு. போர்டை நான் எப்படிங்க காபியில கலக்குறது?”

ஃபர்ஸ்ட் டிகாக்ஷன் தரையைப் பார்த்தார்.

“நான் ரெண்டாம் டிகாக்ஷன் யாருக்கும் ஊத்துனதில்லீங்க. ஒவ்வொரு தடவையும் பழைய பொடியைக் கொட்டிட்டுப் புதுப் பொடிதான் போடுறேன். ஒரே காபிதான், ஆனா அது நல்ல காபிங்க. நீங்க தெரிஞ்சவரு. நல்லா இருந்துச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.”

ஃபர்ஸ்ட் டிகாக்ஷன் ஒரு தடவை சப்புக்கொட்டினார். பிறகு, “குடிக்கிற மாதிரி இருந்துச்சு” என்றார். அவர் வாயிலிருந்து அந்த அளவு பாராட்டை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அவரும் சொல்லிப் பழக்கமில்லாமல் தடுமாறிப்போனார்.

பத்து மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. நடு மேஜையில் ஐந்து டம்ளர்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு துண்டுக் காகிதம். மாஸ்டர் எதிலிருந்து ஊற்றினார் என்று நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாவம், அவரிடம் வேறு என்ன இருந்தது? அதே போணிதான். சர்வர் மட்டும் வழக்கம்போல ஒன்றை ‘டொக்’கென்று வைத்து, ஒன்றைத் தூங்கவைத்து, ஒன்றின் அடியில் தட்டு வைத்துத் தன்னால் ஆனதைச் செய்தார். அன்றைக்கு அவருக்குக் குரலே எழும்பவில்லை.

ஃபர்ஸ்ட் டிகாக்ஷன் முதல் டம்ளரை எடுத்தார். நுனிநாக்கில் ஒரு சொட்டு, பிறகு ஒரு வாய். கண்ணை மூடினார். இரண்டாவது. மூன்றாவது. சுவரோடு ஒட்டி மாஸ்டர் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான்காவது. ஐந்தாவது டம்ளரை எடுக்குமுன் ஃபர்ஸ்ட் டிகாக்ஷன் ஒரு தடவை மாஸ்டரைப் பார்த்தார். இந்த மனிதர் நாக்கு விஷயத்தில் பொய் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். அதுதான் அவருக்கு இருந்த ஒரே சொத்து.

குடித்து முடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். “புஸ்தகத்தைக் கொடுங்க” என்றார்.

உட்கார்ந்து எழுதினார். எழுதினதைத் தானே எழுந்து நின்று ஆபீஸ் சர்க்குலர் படிப்பது போலப் படித்தார்:

“மேற்படி 1, 2, 3 புகார்கள் தொடர்பாக. ஐந்து டம்ளர்களும் பரிசோதிக்கப்பட்டன. ஐந்தும் வெவ்வேறு. காபியில் குறை ஏதும் இல்லை. புகார்தாரரின் நாக்கில்தான் சில காலமாகப் பழுது இருந்துவருவதாகத் தெரியவருகிறது. ஆகவே புகார்கள் மூன்றும் வாபஸ் பெறப்படுகின்றன. இரண்டாவது ஃபில்டர் குறித்த கோரிக்கை மட்டும் நிலுவையில் உள்ளது.”

கூடம் கைதட்டியது. பேராசிரியர், “நான் அப்பவே சொன்னேன்” என்றார். ஹெட்கிளார்க்குக்குப் பதினைந்து வருஷத்துப் பாக்கி ஒரே நாளில் வசூலான சந்தோஷம். “என்ன ஓய், நாக்கு போயிடுத்தா? இனிமே நீர் ஃபர்ஸ்ட் டிகாக்ஷன் இல்லை. செகண்ட்!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. முதலாளி மட்டும் கைதட்டலில் உற்சாகமாகி, போர்டில் ஆறாவதாக ‘ராயல்’ என்று ஒன்றைச் சேர்க்கச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜீயபுரம் தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தேன்.

“சார், அஞ்சும் ஒண்ணுதானே?”

அவர் ஜன்னலுக்கு வெளியே வாழைத் தோப்புகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நாக்குல பழுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு தம்பி. எழுதினது எழுதினதுதான்.”

எழுதினதை அவர் கடைசிவரை காப்பாற்றினார். ஆபீஸில் அடுத்த நாளிலிருந்து அவர் ‘செகண்ட் டிகாக்ஷன்’ ஆகிவிட்டார். ஆபீஸுக்கு எதிரே இருந்த ஹோட்டலில் அதுவரை அவரைக் கண்டால் நடுங்கிக்கொண்டிருந்தவர்கள், இந்தச் செய்தி எட்டியதும் நிம்மதியாகக் கழுநீரை ஊற்ற ஆரம்பித்தார்கள். அவர் முகம் சுளிக்காமல் குடித்தார். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழைய மரியாதை திரும்பியிருக்கும். அந்த வார்த்தை முக்கொம்புக்குப் போய்ச் சேரக்கூடும் என்பதற்காகச் சொல்லவில்லை. தபால்தலைகளைக்கூடத் தன் நாக்கிலேயே நனைத்து ஒட்ட ஆரம்பித்தார். அதைப் பார்த்த அன்று எனக்குப் பொறுக்கவில்லை. பஞ்சுக் கிண்ணத்தை நானே கழுவித் தண்ணீர் ஊற்றி அவர் மேஜையில் வைத்தேன். அவர் அதை ஓரமாக நகர்த்திவைத்தார்.

அடுத்த மே மாதம் ஒரு உறவினர் கூட்டத்தோடு மறுபடி முக்கொம்புக்குப் போனேன். போர்டில் இப்போது ஏழு விதக் காபி இருந்தது. சமையலறையில் இரண்டாவது ஃபில்டரும் இருந்தது. புகார் புத்தகத்தில் நிலுவைக் கோரிக்கையைப் பார்த்துப் பார்த்து முதலாளிக்கே உறுத்திப்போய் வாங்கிக் கொடுத்தாராம். மாஸ்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டு வெளியே வந்தார்.

“அந்த சாருக்கு நாக்கு எப்படிங்க இருக்கு?”

“இன்னும் சரியாகல” என்றேன்.

மாஸ்டர் தலையை ஆட்டினார். உள்ளே போய் ஒரு மருந்து பாட்டிலை நன்றாகக் கழுவி, புது ஃபில்டரிலிருந்து எதையோ நிரப்பி, தக்கையால் இறுக்கி மூடி, ஈரத் துணி சுற்றிக்கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். “முதல் டிகாக்ஷன். பால்ல கலந்தா போதும். சூடு பண்ணிடாதீங்கன்னு சொல்லுங்க” என்றார். அவருக்கா அதைச் சொல்லவேண்டும்?

பஸ்ஸில் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு நேரே ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். துணியைப் பிரித்தார், தக்கையைத் திறந்தார், மூக்கருகே கொண்டுபோனார். மூச்சை ஆழமாக இழுத்தார். கண் ஓரத்தில் ஈரம் தெரிந்தது.

“ஒண்ணும் தெரியலையே தம்பி. எனக்குத்தான் நாக்கு போச்சே” என்றார். சொல்லிவிட்டு, திருடு போய்விடும் என்பது போல் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கு ஒரு சொட்டுக் கொடுக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

எனக்கு அந்த அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தார்கள். பால் ஒரு பக்கம், டிகாக்ஷன் ஒரு பக்கம், மேலே பொடி. “நல்லா இருக்காப்பா?” என்றார்கள். உள்ளே அவர் ஒரு டம்ளரில் எதையோ ஆற்றும் சத்தம் கேட்டது. ஆற்றுவதும் நிறுத்துவதும் மறுபடி ஆற்றுவதுமாக நெடுநேரம் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே என் டம்ளரை முழுவதும் குடித்தேன். பிறகு, “இன்னொரு டம்ளர் கொடுங்கம்மா” என்று கேட்டு வாங்கிக் குடித்தேன்.